கேட் எஸ்டிமேட்டில் பூச்சுக்கு இடம் கொடுங்கள்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இரும்புப் பட்டறை நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு திறந்த மடல்



வீட்டு வாசல் கேட்டுக்கு நீங்கள் எழுதித் தரும் எஸ்டிமேட்டில் பைப்பின் அளவு இருக்கும், ஷீட்டின் கேஜ் இருக்கும், கிலோவுக்கு என்ன விலை என்று இருக்கும். டிசைன் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பூச்சுக்கு மட்டும் கடைசியில் ஒரு வரி: “ரெட் ஆக்சைடு ஒரு கோட் உட்பட.” பல எஸ்டிமேட்டுகளில் அந்த வரியும் இருப்பதில்லை. அதற்கு மேல் என்ன பூசுவது, எப்போது பூசுவது, யார் பூசுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் அதைச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவரிடம் விட்டுவிடுகிறார். ஒரு கேட் எத்தனை வருஷம் நிற்கும் என்பதை முடிவு செய்கிற வேலை, இப்படி யாருக்கும் சொந்தமில்லாத வேலையாகப் போய்விடுகிறது. அதை நீங்கள் உங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் இந்த மடல்.

உங்கள் பட்டறைகளில் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்து வாங்கும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன் நான். உங்கள் வெல்டிங்கில் எனக்குக் குறை கிடையாது. கிருமாம்பாக்கம் தாண்டி மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள். அங்குள்ள கேட்டுகளின் மேல்பாதியில் வெல்டிங் அப்படியே உறுதியாக நிற்கும். கீழ்ச்சட்டம் மட்டும் செதில் செதிலாக உதிர்ந்து, ஷீட்டின் அடிவிளிம்பு ரம்பப்பல் மாதிரி தின்னப்பட்டிருக்கும். கைவேலை நன்றாக இருந்தும் பொருள் பாழாவதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

நம் மண்ணின் நிலைமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாகூர் கொம்யூனுக்குக் கடற்கரையே உண்டு. வில்லியனூர் கடலிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் பிற்பகலில் கடற்காற்று அங்கேயும் வந்து சேர்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் மழை, மார்கழியில் விடிய விடியப் பனி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்குப் பின்னால் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாகப் பாகூர்ப் பக்கத்து ஊர்களிலும், வீடூர் அணைத் தண்ணீர் சங்கராபரணி வழியாக வில்லியனூர்ப் பக்கத்திலும் புகுந்தது. எத்தனை வாசல் கேட்டுகள் சேற்றுத் தண்ணீரில் நின்றன என்பது உங்களுக்கே தெரியும். பிறகு அவற்றைச் சரிசெய்து கொடுத்ததும் நீங்கள்தான்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். நம் பக்கம் மூன்றாவதாக உப்பு சேர்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்திருக்க வேண்டிய இரும்பை விடிந்த பிறகும் நனைந்தபடியே வைத்திருக்கும். அந்த ஈரத்தில் கரைந்து அரிப்பின் வேகத்தைக் கூட்டும். துருவோ அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஊசிமுனை அளவில் தொடங்கினாலும் மேலே உள்ள பெயிண்டை உள்ளிருந்து தூக்கிவிடும். தூக்கிய இடத்தில் மறுபடி தண்ணீர் போகும். பெயிண்ட் உரிந்ததால் துருப்பிடித்தது என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். பெரும்பாலான கேட்டுகளில் அடியில் துருப்பிடித்ததால்தான் பெயிண்ட் உரிந்திருக்கிறது.

அதனால் பூச்சைப் பற்றிய பேச்சு டப்பாவில் தொடங்கக் கூடாது, இரும்பின் மேல்தோலில் தொடங்க வேண்டும். கடையிலிருந்து வரும் எம்.எஸ். பட்டையிலும் ஆங்கிளிலும் நீலமும் கறுப்புமாக ஒரு தோல் இருக்கும். சூட்டில் உருட்டும்போது வந்த ஆக்சைடு அது; மில் ஸ்கேல் என்பார்கள். பார்க்க வழவழப்பாக, பெயிண்ட் பூச ஏற்றதுபோலத் தெரியும். ஆனால் அது இரும்போடு சேர்ந்து நிற்காது. வெயிலிலும் குளிரிலும் விரிசல் விட்டுத் தானும் உதிரும், தன்மேல் பூசிய பெயிண்டையும் கொண்டுபோகும். ஸ்கொயர் பைப்பிலோ எண்ணெய்ப் பிசுக்கு. வெல்டிங் முடிந்த இடத்தில் ராடு விட்டுப்போன கசடும் ஸ்பேட்டர் துளிகளும். இவற்றின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டைப் பூசினாலும் அது இரும்பைத் தொடவே இல்லை. முதலில் தின்னர் நனைத்த துணியால் எண்ணெயைத் துடைக்க வேண்டும். பிறகு கசடைத் தட்டி, கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். எண்ணெயைத் துடைக்காமல் தேய்த்தால் பிசுக்கு கேட் முழுவதும் பரவும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. தேய்த்த அன்றே, பனி இறங்குவதற்குள், முதல் கோட் பூசியாக வேண்டும். மணல் அடித்துச் சுத்தம் செய்ய வசதி கிடைத்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் கம்பி பிரஷ்ஷும் பொறுமையும் இருந்தாலே இன்று நடப்பதைவிட எவ்வளவோ மேல்.

ரெட் ஆக்சைடுக்கு வருகிறேன். சாதாரண ரெட் ஆக்சைடில் இருக்கும் சிவப்பு, இரும்பு ஆக்சைடின் நிறம். அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மேலே வரும் எனாமலுக்கும் பிடிமானம் தரும். துருவைத் தடுக்கிற சக்தி அந்தச் சிவப்புக்குக் கிடையாது. அந்தக் காலத்துச் செந்தூரப் பூச்சில் ஈயம் இருந்தது. துருவைத் தடுத்தது, பூசியவர் உடம்பையும் கெடுத்தது. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. குரோமேட் கலந்த பிரைமர்களும் மூச்சில் போனால் கேடுதான். இன்று அந்த இடத்தில் துணிந்து வைக்கக்கூடியது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். விலை சற்றுக் கூடும். டப்பாவைத் திருப்பி அதன்மேல் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்தப் பிரைமரானாலும் அது உள்ளாடை மட்டுமே. ஒரு கோட் ரெட் ஆக்சைடோடு கேட்டைக் கொண்டுபோய் மாட்டி, வீட்டு வேலை முடியும்வரை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் விட்டுவைப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. தனியாக நிற்கும் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். மேல்பூச்சு வருவதற்குள் உள்ளே துரு வேர் பிடித்திருக்கும். அதன்மேல் எனாமல் போட்டு மூடிவிட்டால் இரண்டு மழைக்காலத்துக்குள் வெளியே வரும்.

இன்னொன்று தடிமன். பெயிண்டின் தடிமனை மைக்ரானில் சொல்வார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஒரு லிட்டர் பெயிண்டை 10 சதுர மீட்டரில் பூசினால் ஈரப்படலம் 100 மைக்ரான் நிற்கும். தின்னர் பறந்து காய்ந்ததும் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். அதே லிட்டரில் தாராளமாகத் தின்னர் ஊற்றி இழுத்துப் பூசினால் 25, 30 மைக்ரான்கூடத் தேறாது. ஒரு கோட் பிரைமரும் இரண்டு கோட் எனாமலும் ஒழுங்காகப் பூசினால் 80-லிருந்து 100 மைக்ரான் வரும். உப்புக்காற்று ஓரளவு வீசும் இடத்தில் 15 வருஷத்துக்கு மேல் தாங்க வேண்டிய எபாக்சி வகைப் பூச்சுக்கு ஐ.எஸ்.ஓ. 12944 என்ற உலகத் தரம் சொல்வது 240 மைக்ரான். உப்பு மிகுந்த கடலோரத்துக்கு 300. நாம் எவ்வளவு தூரம் பின்தங்கி நிற்கிறோம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அதோடு, கூரான விளிம்பில் பெயிண்ட் தங்காது, விலகி ஓடி மெலிந்துவிடும். அதனால்தான் துரு எப்போதும் விளிம்பிலும் வெல்டிங் கோட்டிலும் தொடங்குகிறது. விளிம்புகளைக் கொஞ்சம் மழுக்கிவிட்டு, அவற்றுக்கு மட்டும் முதலில் பிரஷ்ஷால் ஒரு தனிக் கோட் இழுத்துவிட்டு, பிறகு முழு கேட்டுக்கும் பூசுங்கள். அரைமணி நேர வேலைதான். ஆனால் கேட்டின் ஆயுளில் வருஷங்களைக் கூட்டும்.

இதையெல்லாம் செய்ய விடாமல் உங்களை நெருக்குவது நாங்கள்தான் என்பதும் தெரியும். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் கேட்டை மாட்டச் சொல்கிறோம். வாழை மரம் கட்ட ஆள் வரும்போது ஒருபுறம் கீல் வெல்டிங் நடக்கிறது, இன்னொருபுறம் ஈரம் காயாத பிரைமர்மேல் எனாமல் ஏறுகிறது. சூடான வெல்டிங்மேல் பூசினது நிற்குமா? நிற்காது என்று உங்களுக்கும் தெரியும். இப்படி வரும் வீட்டுக்காரரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்: “கேட்டை மாட்டித் தருகிறேன், விசேஷம் நடக்கட்டும். மறுவாரம் கழற்றிக்கொண்டு வந்து முறையாகப் பூசித் தருகிறேன்.” கேட்டைக் கழற்ற முடியாதபடி கீலை வெல்டிங் வைத்து மூடுவதை விட்டு, தூக்கி எடுக்கிற மாதிரி கீல் வையுங்கள். பின்னால் மராமத்துக்கும் அதுதான் வசதி.

இப்போது பல பட்டறைகளில் துத்தநாகம் பூசி வரும் ஜி.பி. பைப்பும் ஜி.ஐ. ஷீட்டும் புழங்குகின்றன. “இது துருப்பிடிக்காதுங்க” என்று சொல்லி விற்கிறீர்கள். துத்தநாகம் இரும்பைக் காப்பாற்றும் என்பது உண்மை. கீறல் விழுந்தாலும் தான் முதலில் கரைந்து இரும்பை விட்டுவைக்கும் குணம் அதற்கு உண்டு. சாதாரணப் பெயிண்டுக்கு அது கிடையாது. ஆனால் எவ்வளவு துத்தநாகம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 120 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கும் ஷீட்டில் ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம் என்பது இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 60 கிராம்தான், அதாவது 8 மைக்ரானை ஒட்டி. உப்பு ஓரளவு உள்ள கடற்பகுதியில் ஒரே வருஷத்தில் 2-லிருந்து 4 மைக்ரான் துத்தநாகம் கரையும் என்று உலகத் தரம் கணக்கிடுகிறது. உப்பு மிகுந்த கரையில் 4-லிருந்து 8 வரை. மேலே பூச்சு இல்லாமல் நின்றால் புதுக்குப்பத்துக் காற்றுக்கு அந்த 8 மைக்ரான் எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வெல்டிங் வைத்த இடத்தில் அந்த 8 மைக்ரானும் இருக்காது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் ஆவியாகும். உங்கள் ஆர்க்கின் சூட்டுக்கு முன் அது எம்மாத்திரம்? வெள்ளைப் புகையாகப் போய்விடுகிறது. ஆகவே ஜி.பி. பைப்பில் செய்த கேட் ஒவ்வொரு இணைப்பிலும் அம்மணமாக நிற்கிறது. அந்த இடங்களை வெள்ளையாகத் தேய்த்து, துத்தநாகத் தூள் நிறைந்த ஜிங்க் ரிச் பிரைமரைப் பூச வேண்டும். அலுமினியப் பெயிண்டால் தொட்டுவிட்டால் நிறம் ஒத்துப்போகும், காவல் கிடைக்காது.

அந்த வெள்ளைப் புகையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பகலில் ஜி.ஐ. வெல்டிங் செய்துவிட்டு ராத்திரி குளிர் ஜுரமும் உடம்பு வலியுமாகக் கிடந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். துத்தநாகப் புகைதான் காரணம். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைகளில் காலங்காலமாக இருக்கும் நம்பிக்கை. நுரையீரலுக்குப் போன புகையைப் பால் ஒன்றும் செய்யாது. வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகத்தை முன்கூட்டியே தேய்த்து எடுத்துவிடுங்கள். காற்று முதுகுப்பக்கத்திலிருந்து வரும்படி நின்று வேலை செய்யுங்கள். புகைக்கென்று உள்ள முகமூடியைப் போடுங்கள். கைக்குட்டை கட்டுவது போதாது. பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

துத்தநாகத்தின் மேல் எனாமலை நேராகப் பூசுவது அடுத்த தவறு. எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசினும் துத்தநாகமும் சேர்ந்து நாளாவட்டத்தில் நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். அப்புறம் பெயிண்ட் பாம்புச் சட்டைபோல முழுத்தாளாக உரிந்து வரும். நம் ஊரில் ஜி.ஐ. ஷீட் கதவுகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. குறை பெயிண்ட் கம்பெனிமேல் இல்லை, ஜி.ஐ.-க்கென்று உள்ள எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ நடுவில் இல்லாததுதான் காரணம்.

இரும்பையும் உப்பையும் பற்றி நம் தமிழ்நாட்டிலேயே முக்கால் நூற்றாண்டாகப் படித்துவருகிறார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்ப செட்டியார். மண்டபம் கடற்கரையில் அந்த ஆய்வகம் இரும்புத் தகடுகளைக் காற்றிலும் கடல்நீரிலும் வைத்துச் சோதித்திருக்கிறது. நாட்டின் எந்தப் பகுதியில் அரிப்பு எவ்வளவு என்று வரைபடமே போட்டிருக்கிறது. மண்டபத்துக்கு எதிரே 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம், நூறு வருஷத்துக்கு மேல் உப்புக்காற்றில் நின்றது என்றால் விடாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்த ஊழியர்கள்தான் காரணம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தின் இரும்புக்கு முதலில் துத்தநாகம் தெளித்து, அதன்மேல் எபாக்சி கொடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே பாலிசிலாக்சேன் என்ற உயர்தரப் பூச்சைப் போட்டிருக்கிறார்கள். அடியில் துத்தநாகம், நடுவில் ஈரத்தை மறிக்கும் எபாக்சி, மேலே வெயிலைத் தாங்கும் பூச்சு என்ற அந்த அடுக்கு முறையை நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வேலை உண்டு, ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

நம் கேட்டுகளுக்கு அதை எப்படிக் கொண்டுவருவது? கடலோர ஊர்களுக்கு என் தீர்ப்பு இது: வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு முழு கேட்டையும் துத்தநாகக் குளியலுக்கு அனுப்ப வேண்டும். ஏறத்தாழ 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைசிங் அது. ஐ.எஸ். 4759 தரப்படி 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் உள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது 85 மைக்ரான். 2-லிருந்து 5 மில்லிமீட்டர் வரை 460 கிராம். கடையில் வாங்கும் ஷீட்டின் 8 மைக்ரானோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வெல்டிங் கோடும் பைப்பின் உள்பக்கமும்கூட மூடப்பட்டுவிடும். இதற்காக கேட்டின் வடிவத்தை முதலிலேயே யோசிக்க வேண்டும். மூடின பைப்புகளில் காற்றும் திரவமும் போய்வர ஓட்டை போட்டே தீர வேண்டும். உள்ளே ஈரம் அடைபட்டால் குளியல் சூட்டில் பைப் வெடிக்கும். மெல்லிய ஷீட் சூட்டில் நெளிந்துவிடும் என்பதால், சட்டமும் கம்பிகளும் மட்டும் குளியலுக்குப் போகட்டும், ஷீட் வேண்டுமென்றால் பிறகு போல்ட் போட்டு மாட்டலாம். இந்தக் குளியலுக்குச் சென்னைப் பக்கம் போய்வர லாரி வாடகை ஆகும். ஒரே கேட்டுக்குக் கட்டுப்படி ஆகாது. நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு லோடாக அனுப்பினால் கட்டுப்படியாகும். குளியலிலிருந்து வந்ததன் மேல் எபாக்சி பிரைமரும் வெயில் தாங்கும் மேல்பூச்சும் போட்டால், துத்தநாகமும் பெயிண்டும் தனித்தனியாக நிற்பதைவிடச் சேர்ந்து அதிக காலம் நிற்கும்.

கடலிலிருந்து விலகிய மங்கலம், கூடப்பாக்கம், தொண்டமாநத்தம் போன்ற ஊர்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. வெள்ளையாகத் தேய்த்த எம்.எஸ்., அதன்மேல் ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் இரண்டு கோட். எபாக்சியை மட்டும் போட்டு வெயிலில் விட்டால் சுண்ணாம்பு பூத்தமாதிரி வெளுத்துப் பொடியும். அதனால் மேலே பி.யூ. கட்டாயம். இவற்றோடு வரும் ஹார்டனரை டப்பாவில் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பி.யூ. ஹார்டனரின் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது; சரியான முகமூடியும் காற்றோட்டமும் இல்லாத பட்டறையில் ஸ்ப்ரே கன்னைத் தொடவே வேண்டாம், பிரஷ்ஷால் பூசுங்கள். பணம் குறைவாக உள்ள வீட்டுக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட்டும் நல்ல எனாமல் இரண்டு கோட்டும் போதும். ஆனால் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பவுடர் கோட்டிங்கைப் பலரும் கேட்கிறார்கள். பளபளப்பு அழகுதான். முன்கூட்டி பாஸ்பேட் குளியல் கொடுத்து, பாலியஸ்டர் பவுடரை ஏறத்தாழ 180, 200 டிகிரி அடுப்பில் வேகவைத்தால் 60-லிருந்து 80 மைக்ரான் உறுதியான படலம் கிடைக்கும். குறை எங்கே வருகிறதென்றால், மாட்டும் இடத்தில் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் மறுபடி வெல்டிங் வைக்கிறீர்கள். அங்கே பவுடர் கருகுகிறது, பிரஷ்ஷால் தொட்டுவிட்டு வருகிறீர்கள். அந்தப் புள்ளியில் நுழையும் துரு படலத்துக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே நிறைய போயிருக்கும். கடைசி வெல்டிங்வரை பட்டறையிலேயே முடித்து, மாட்டுவதற்கு போல்ட் மட்டும் போதும் என்கிற நிலையில்தான் கோட்டிங்குக்கு அனுப்ப வேண்டும். கடலோரத்தில் அடியில் துத்தநாகம் இல்லாத பவுடர் கோட்டிங் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பற்றி ஒரே சொல். 202 என்ற மலிவு ரகம் கடற்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். காந்தம் ஒட்டாததால் அதை 304 என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். காந்தம் இரண்டிலுமே ஒட்டாது. எந்த ரகம் என்று பில்லில் எழுதி வாங்கி, பில்லில் எழுதிக் கொடுங்கள்.

பூச்சைவிட முந்தியது தண்ணீர் நிற்காத வடிவம். கீழ்ச்சட்டத்துப் பைப்பின் அடியில் வடிகால் ஓட்டை இருக்கட்டும். ஷீட்டைச் சட்டத்தின்மேல் வைத்துப் புள்ளிப்புள்ளியாக வெல்டிங் வைக்கும்போது நடுவில் விடும் இடுக்கில் மழைத்தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும், பிரஷ் அங்கே போகாது. இடுக்கைச் சீலன்ட் வைத்து அடையுங்கள். தரைக்கும் கேட்டுக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். நம் வாசல்களில் தினமும் தண்ணீர் தெளிக்கிறோம், மாடு கட்டுகிறோம், கடலோரத்தில் உப்பேறிய போர்த் தண்ணீரால் கழுவுகிறோம். எல்லாம் அந்தக் கீழ்ச்சட்டத்தின் மேல்தான் விழுகிறது. தூணைக் கான்கிரீட்டில் புதைக்கும் இடத்தில் கான்கிரீட் குழியாக இல்லாமல் சரிவாக மேடேறி இருந்தால் தண்ணீர் வெளியே ஓடிவிடும்.

பூசும் காலமும் முக்கியம். தை பிறந்து பனி விலகியதிலிருந்து ஆடிக்கு முன்வரை நல்ல காலம். காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, கடற்காற்று ஏறுவதற்குள் அன்றைய கோட்டை முடித்துவிடுவது நல்லது. கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் இரும்பின்மேல் உச்சி வெயிலில் பூசினால் பெயிண்ட் படிவதற்குமுன் காய்ந்துவிடும்.

வீட்டுக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன், நீங்களும் அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பாரிஸில் 1889-இல் எழுந்த ஈஃபிள் கோபுரத்துக்கு ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ 60 டன் பெயிண்ட் அடிக்கிறார்கள். அதனால்தான் அது இன்னும் நிற்கிறது. நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கட்டடங்களையும் கொம்யூன் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டோம். இந்தப் பராமரிப்புப் பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது கேட்டின் அடிச்சட்டத்தையும் குனிந்து பார்த்து, துருப்புள்ளி தெரிந்தால் அப்போதே தேய்த்துத் தொட்டுவிட்டால் கேட் தலைமுறைக்கு நிற்கும். இரண்டு பட்டறைகளின் விலையை ஒப்பிடும்போது கிலோ விலையை மட்டும் பார்க்காமல் பூச்சு என்ன என்று கேட்க வேண்டும். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்று நாங்கள் இருக்கும்வரை நீங்கள் நல்ல பூச்சு போட்டு நஷ்டப்பட முடியாது. அது நியாயமும் ஆகாது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சுடுகாடு, குடிநீர்த் தொட்டி இவற்றின் கேட்டுகளுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து டெண்டர் விடும்போதும் எத்தனை கோட், எத்தனை மைக்ரான் என்று எழுதப்பட வேண்டும். வேலை முடிந்ததும் அளந்து பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தடிமனை அளக்கும் மீட்டரை நாலு பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நீங்கள் எழுதப்போகும் எஸ்டிமேட்டில் இப்படி இருக்கட்டும்: “எண்ணெய் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்த்தது. வெல்டிங் கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் தனிக் கோட். ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி பிரைமர் இரண்டு கோட், பி.யூ. இரண்டு கோட், மொத்தம் இத்தனை மைக்ரான். பூச்சுக்கு மட்டும் இவ்வளவு ரூபாய்.” இரும்பின் விலையையும் பூச்சின் விலையையும் தனித்தனியாகப் போடுங்கள். பூச்சு வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னால் அதையும் அதே தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருஷ ஐப்பசி மழைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
பாகூர் கொம்யூனிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்